இடது ஓரத்தில் கெல்சோ

"இன்னும் இருபத்தாறு மணி நேரம்தான் இருக்கு. அதுக்குள்ள அந்த அம்மாவுக்கு என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணணும்," என்றான் மெரிட்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறிய கல்லூரியின் கால்பந்து அணிக்கு அவன்தான் தலைவன். 1907 பருவத்தில் ஏழு ஆட்டங்கள் முடிந்திருந்தன, ஏழிலும் தோல்வி. நாளை எட்டாவது. அதிலும் தோற்றால் மைதானத்தை உழுது மக்காச்சோளம் போடப்போவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார்.

பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதும் ஆட்டம். போன வருடம் ஒருவன் கழுத்து முறிந்து செத்ததிலிருந்து பத்துப் பேர்தான் ஆட வந்தார்கள். பதினொன்றாவது ஆளாகக் கல் குவாரியிலிருந்து டோலனைப் பிடித்து வந்தார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பாத வார்ட் கெல்சோவின் பெயரில் அவனை இறக்கினார்கள். அக்கம்பக்கத்துக் கல்லூரிகளும் செய்கிற வேலைதான். வாரா வாரம் செய்தித்தாளில் ஆட்டக்காரர் பட்டியல் வந்தது: இடது ஓரம், வார்ட் கெல்சோ.

இப்போது வார்டின் அம்மா கடிதம் போட்டிருந்தாள். சனிக்கிழமை ரயிலில் வருகிறாளாம். வார்ட் ஆடுவதைப் பார்க்க வேண்டுமாம்.

பயல் வீட்டுக்கும் சொல்லாமல் எங்கோ ஓடிவிட்டான் என்று மெரிட் முடிவு கட்டினான். விஷயம் வெளியே வந்தால் அணி கலையும். மெரிட்டையும் கல்லூரியைவிட்டு விரட்டுவார்கள்.

"நான் வேணா ஸ்டேஷனுக்குப் போய் 'அம்மா'ன்னு கட்டிக்கட்டுமாடா?" என்றான் டோலன். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு பொய்யைத் தயார் செய்தார்கள். வார்டுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. நகரத்து மருத்துவரிடம் போயிருக்கிறான்.

சனிக்கிழமை காலை ரயிலிலிருந்து ஒல்லியான ஒரு பெண் இறங்கினாள். மெரிட் பொய்யை ஒப்பித்தான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு பையைத் திறந்து, செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஏழு துண்டுகளை எடுத்தாள். அவற்றில் கெல்சோ என்ற பெயருக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் மூக்கில் ரத்தம் வந்ததாகப் போட்டிருக்கிறதே, ஆறிவிட்டதா என்று கேட்டாள்.

அணி போனால் போகிறது என்று மெரிட்டுக்குத் தோன்றியது.

"அது வார்ட் இல்லம்மா. அவன் பேர்ல வேற ஆள் ஆடுறான். வார்ட் எங்க இருக்கான்னு எங்களுக்குத் தெரியாது. ஆனா நான் தேடிக் கண்டுபிடிக்கிறேன். சத்தியமா."

அவள் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். இரண்டு மணிக்கு என்றான்.

"தேட வேண்டாம் தம்பி," என்றாள். "ஆகஸ்ட்ல டைபாய்டு சுரம் வந்து, என் மடியிலதான் அவன் உசுரு போச்சு. நீங்கதான் ஏழு வாரம் அவனை ஓட வச்சீங்க. இன்னைக்கு ஒரு நாளும் அவன் பேரைச் சொல்லியே ஆடுங்கப்பா, நான் ஓரமா உக்காந்து பாத்துட்டுப் போயிடறேன்."