யானை வேணுமெண்டு செய்த வேலை

"யானை வரேக்க உங்கட உழவு மெசின் ஓடினதோ, நிண்டதோ?"

"நிண்டது ஐயா. நடுச்சாமத்தில ஆர் மெசின் ஓட்டுறது?"

"அப்ப இது விபத்தில்லை. சும்மா நிண்ட மெசினில வந்து ஏறியிருக்கு. யானை வேணுமெண்டு செய்த வேலை. வேணுமெண்டு செய்யிறதுக்கு எங்கட காப்புறுதியில இழப்பீடு இல்லை."

தயாளினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம் காப்புறுதி நிறுவன அதிகாரி விஜிதரன், கழுத்துப்பட்டியும் தானுமாகப் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தான்.

செட்டிகுளத்தில் அவளுடைய உழவு இயந்திரத்தை யானை மிதித்து நசுக்கிவிட்டுப் போய் மாதக்கணக்காகிறது. காப்புறுதிப் பணத்தை ஒரு தவணையும் பிந்தாமல் கட்டியவள் அவள். ஆனாலும் கந்தோருக்கு அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். காலபோக மழைக்கு முன் மெசின் கிடைக்காவிட்டால் வயல் தரிசுதான். வயலை விட்டால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு பிழைப்பில்லை.

"யானைக்கு வேணுமெண்டு செய்யத் தெரியுமோ, ஐயா?"

"தெரியாதெண்டு யானை எழுதித் தந்ததோ?"

அந்த யானையே நேரில் வந்திருந்தாலும் இதைவிட நியாயமாகக் கதைத்திருக்கும்.

"பொலிசில குடுத்த முறைப்பாடு இருக்கு. கிராம சேவகரின்ர கடிதம் இருக்கு. படமும் இருக்கு."

"படத்தில மெசின் மட்டும்தானே நிக்குது. யானையைக் காணேல்லையே!"

"நான் படமெடுக்கும் வரைக்கும் அது நிண்டுகொண்டிருக்குமோ?"

"என்ன, சத்தம் கூடுது?" விஜிதரன் மேசையில் ஓங்கி அடித்தான். ஒரு வெறும் தாளை அவள் பக்கம் தள்ளினான். "இதில கையெழுத்தை வையுங்கோ. மிச்சத்தை நாங்கள் நிரப்புவம். வைக்காட்டி ஃபைலை மூடிப்போடுவன்!"

அவளுடைய கை தானாகப் பேனையை எடுத்தது. போனமுறையும் இப்படித்தான் வெருண்டுபோய், கேட்க வேண்டிய ஒன்றையும் கேளாமல் வீடு திரும்பியிருந்தாள். அதை நினைத்ததும் வெட்கமாக இருந்தது. பேனையைக் கீழே வைத்தாள்.

"வெறும் தாளில வைக்க மாட்டன். இழப்பீடு தர ஏலாதெண்டா, ஏன் ஏலாது, எந்த விதிப்படி ஏலாதெண்டு எழுதி, உங்கட பேரையும் போட்டு, சீல் குத்தித் தாங்கோ. அந்தக் கடிதத்தோட கொழும்பில போய் முறையிடுவன். அதைத் தரும்வரைக்கும் இந்தக் கதிரையை விட்டு எழும்ப மாட்டன்!"

விஜிதரன் கழுத்துப்பட்டியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் திணித்துக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரித்தான்.

"இதுதான் அக்கா வேணும்! எழுத்தில கேட்டா எங்கட மேலிடம் பயந்திடும். நாளைக்குக் கந்தோரில இதையே சொல்லுங்கோ. என்னைத் தம்பியெண்டு மட்டும் கூப்பிட்டுப் போடாதேங்கோ."

அவளுடைய வீட்டுக் குசினிக் கதவால் இறங்கி, வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வளவிலிருந்த தன் வீட்டுக்குப் பாதி நுழைந்தவன், தலையை மட்டும் திருப்பினான்.

"மனேச்சர் பக்கத்தில இருப்பார். நான் இதைவிடக் கூடக் கத்துவன். என்ன கத்தினாலும் விட்டுக் குடுத்திடாதேங்கோ அக்கா, என்ர வயலையும் உங்கட மெசின்தான் உழவேணும்!"