சூடாக்கி வைத்த வண்டி

"இப்படி ஒரு புருஷன் கிடைச்சும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறியேடி" என்றாள் அம்மா.

அக்காவுக்கு அன்றும் தலைவலி. நெற்றியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். செமஸ்டர் லீவுக்கு நானும் அம்மாவும் அவள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதே காட்சிதான்.

"நீ குளிச்சுட்டு வர்றதுக்குள்ள மனுஷன் கீழ போய் உன் காரை ஸ்டார்ட் பண்ணி, சூடு பண்ணி, ஓடற வண்டியா உன் கையில குடுக்கறார். வெயிலோ மழையோ, பாப்பாவை ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போய் ஸ்கூல்ல விடறார். உங்கப்பா என்னை பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட வந்து விட்டதில்ல."

"ஸ்கூல் என் ஆபீஸ் போற வழியிலதான்மா இருக்கு. நானே கார்ல விட்டுடறேன்னா கேக்க மாட்டேங்கறார்."

"அதுவும் குத்தமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் சிக்னலில் நின்றபடியே கண் அசந்து, முன்னால் நின்ற லாரியில் முட்டப் பார்த்திருக்கிறாள் அக்கா. அதைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் கவலை இல்லை. கண் டாக்டர் கண்ணாடி கொடுத்தார். தலைவலி அந்தக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துகொண்டது.

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மாமா திரும்பாமலே சொன்னார். "ராத்திரி போனை நோண்டாம தூங்குன்னா கேக்கறதில்ல. பேசாம வேலையை விட்டுடு. எல்லாருக்கும் வண்டி ஓட்டறது ஒத்து வராது."

"வண்டியில ஏதாவது கோளாறா இருந்தா மாமா?"

"இருந்தா எனக்குத் தெரியாதா, வக்கீலம்மா? கழட்டி மாட்டினதே நான்தானே."

அது ஊருக்கே தெரியும். டர்போ வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்று அக்கா சொன்னபோது, மெக்கானிக் எல்லாம் ஏமாத்துவான் என்று தானே ஸ்பேனர் பிடித்தார். கன்னத்தில் கிரீஸோடு எடுத்த போட்டோவை சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு, அத்தனை பேரிடமும் சபாஷ் வாங்கினார்.

அன்று சாயங்காலம் அக்காவை நேராக ஒரு மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனேன். மீசைக்காரர். பானெட்டைத் திறந்தவர் கையை உதறினார்.

"இப்படி கொதிக்கக் கொதிக்கக் கொண்டு வந்தா நான் என்னத்தக் கேக்கறது? ராத்திரி இங்கயே நிக்கட்டும். ஆறின இன்ஜின்தான் வாயைத் திறக்கும்."

வீட்டில் பஞ்சர் என்று சொல்லிவிட்டோம்.

மறுநாள் காலை மெக்கானிக் எங்கள் எதிரிலேயே சாவியைத் திருகினார். டிக், டிக், டிக். தகரத்தை யாரோ நகத்தால் சுண்டுவதுபோல.

"இந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லையே" என்றாள் அக்கா.

"சூடான வண்டியிலயே ஏறினா எப்படிக் கேக்கும்? சூடு ஏற ஏற இரும்பு விரிஞ்சு இடுக்கு சுருங்கிடும். சத்தம் அடங்கும். கசிவு அடங்காது."

மேலே மூடியிருந்த தகட்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினார். இன்ஜினோடு புகைக்குழாய் சேருகிற இடத்தில் நுரை கொப்பளித்தது. சுற்றிலும் கரி அப்பியிருந்தது.

"இழுவையைக் கூட்டற டர்போவுக்குப் போக வேண்டிய புகை இங்க ஓடிப்போகுது. அதான் மேட்டுல இழுக்கல. போற புகை சும்மாவா போகும்? ஏசி காத்தோட உள்ள வரும். தலை வலிக்கும், தூக்கம் வரும். ஒரு நாள் முழிப்பே வராது."

இன்ஜின் ஆறியதும் எல்லாவற்றையும் கழற்றி, நடுவில் கசியாமல் அடைக்கிற கேஸ்கட்டை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். கருகி நசுங்கிய தகடு. ஓரமெல்லாம் சிவப்பாக ஏதோ தீய்ந்திருந்தது.

"பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டு, மேல பசையைப் பூசியிருக்கான் எவனோ. இந்தச் சூட்டுக்குப் பசை நிக்குமா?"

"எவனோ இல்லைங்க. என் வீட்டுக்காரர்" என்றாள் அக்கா.

மீசைக்காரர் தகட்டைக் கீழே வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். ஒட்டியிருந்ததைச் சுரண்டினார். மட்டக்கோல் வைத்து, வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். புதுக் கேஸ்கட்டை வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொன்றாக இறுக்கினார்.

கருகிய கேஸ்கட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேஜையில், மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மெக்கானிக் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன்.

அம்மா பதறினாள். "ஏதோ தெரியாம நடந்துபோச்சு. தெரிஞ்சா மாப்பிள்ளை இவளை அதுல அனுப்புவாரா?"

"தினமும் சத்தம் அடங்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னவருக்கா தெரியாது? போட்டோ போட்டு வாங்கின பேரு போயிடக் கூடாது. அதுக்கு அக்காவைப் புகைக்குள்ள உட்கார வெச்சார்."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "இப்ப என்ன ஆயிடுச்சு? லேசா தலைவலி."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விடுவதாக இல்லை.

"பொறுப்புன்னு ஒண்ணு கொஞ்சமாவது இருக்கா மாமா உங்களுக்கு?"

மாமாவின் முகம் சிவந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"யாரைப் பார்த்துப் பொறுப்பில்லைங்கற? அந்தச் சத்தம் கேட்ட நாள்லேருந்து பாப்பாவை ஒரு தடவையாவது அந்த வண்டியில ஏத்தியிருக்கேனா?"