அட்டைப்படத்துக்கு ஒரு விரிசல்

பழைய தேவாலயத்துச் சுவரின் விரிசலில் காலை வெயில் விழ, உள்ளே செங்கல் புண்போலச் சிவந்து தெரிகிறது. அதைப் பூசக் கலவை குழைத்து நிற்கிறார் கொத்தனார். ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் அவருக்கு இந்தத் தேவாலயத்தில்தான். கூலி வேண்டாம் என்றுவிட்டார். "இப்பவே மூடிடாதீங்க," என்கிறார் சீரமைப்பு நிதிக்குழுச் செயலாளர். நன்கொடைப் புத்தகத்தின் அட்டைக்குப் படம் வேண்டுமாம். "இன்னும் கொஞ்சம் பேத்து விடுங்க. பாக்கிறவங்க மனசு இளகணும்." போன மழையில் சுவர் ஒழுகியபோது எட்டிப் பார்க்காத மனுஷன், இப்போது பெண் பார்க்க வந்தவர்போல் விரிசலைத் தலை சாய்த்துச் சாய்த்து ரசிக்கிறார். கேமராக்காரர் வெளிச்சம் பார்க்கிறார். "அண்ணே, நீங்களும் பக்கத்துல நில்லுங்க," என்கிறார் செயலாளர் கொத்தனாரிடம். "சட்டையைக் கழட்டிட்டு, கொஞ்சம் பாவமா." கொத்தனார் தன் சட்டையைக் குனிந்து பார்க்கிறார், கோயில் வேலையாயிற்றே என்று மனைவி தேய்த்துக் கொடுத்தது. கரணை நிறையக் கலவையை அள்ளி விரிசலில் ஓங்கி அறைகிறார். ஒரே இழுப்பில் வழித்துச் சமமாக்குகிறார். செயலாளரின் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் சிமெண்ட் தெறித்து வழிகிறது. கொத்தனார் கரணையை நிதானமாகத் துடைக்கிறார். "இப்ப நீங்க நில்லுங்க சார். பாக்கப் பாவமாத்தான் இருக்கு."