நெற்றிக்கு வந்த ஓலை

வாசல் நிலையில் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவை, முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த சேவலைப் பார்த்துச் சிரித்தது.

"நாளைக்குச் சாம்பல் புதன். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் இந்த வீட்டுல கறி கிடையாது. அதனால இன்னைக்கே ஆசை தீரச் சாப்பிட்டுடுவாங்க. உன் கதை முடிஞ்சுது, கொண்டைக்காரா!"

"உனக்குப் பயமே இல்லையா?"

"நான் மந்திரிச்ச ஓலை. போன வருஷக் குருத்து ஞாயிறுல இருந்து இங்கேதான் இருக்கேன். என்னை யார் தொடுவாங்க?"

பிலோமினா கத்தியோடு வெளியே வந்தாள். சேவல் பறந்து முருங்கை உச்சிக்குப் போய்விட்டது. கிளை முறியும் என்று யாரும் மரத்தில் ஏறவில்லை. அன்று வீட்டில் முட்டைக் குழம்புதான்.

மாலையில் கோவில் உபதேசியார் வந்து, சாம்பலுக்காக எரிக்கப் பழைய ஓலைகளைக் கேட்டார். பிலோமினா நிலையிலிருந்த சிலுவையை உருவிக் கொடுத்தாள்.

மறுநாள் கோவிலிலிருந்து திரும்பியவளின் நெற்றியில் சாம்பல் சிலுவை இருந்தது. மரத்திலிருந்து இறங்கி வந்த சேவல் அதை உற்றுப் பார்த்தது.

"நீயா?"

"நான்தான்" என்றது சாம்பல்.

பிலோமினா வழக்கத்தைவிட இரண்டு பிடி கூடுதலாகக் கம்பு இறைத்தாள்.

"ஒருசந்தி நோன்பு இருக்கிறவங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு!" என்றது சேவல். "நீ அவங்க நெற்றியிலேயே இருக்கியே, உள்ளே ஜெபம் கேட்குதா?"

சாம்பல் கொஞ்சம் தயங்கியது.

"ஈஸ்டருக்குள்ள நீ மூணு கிலோ தேறுவியான்னு யோசிக்கிறாங்க."