தம்பியின் பங்கு

முதல் பங்கைத் தம்பிக்கென்று பேனாட் ஒதுக்கி வைத்ததும் அவர் மனைவி அருள்நாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடமாகத் தம்பியின் பெயரைக்கூட வீட்டில் சொல்லவிடாத மனிதர், கராஜ் மேசையில் பரப்பியிருந்த மான் இறைச்சிக்கு முன்னால் நின்றுகொண்டு, "யூட்சன் வாய்விட்டுக் கேட்டவனெல்லே, குடுப்பம்" என்கிறார்.

பேனாட்டும் நான்கு கூட்டாளிகளும் ஒவ்வொரு நவம்பரும் கியூபெக் பக்கத்துத் தீவொன்றுக்கு மான் வேட்டைக்குப் போவார்கள். சின்ன விமானம் இறக்கிவிட்டுப் போனால் ஐந்து நாளைக்குக் காடும் குளிரும் வெள்ளைவால் மான்களும்தான். திரும்பி வந்ததும் ரூஜ் என்ற புறநகரில் இருக்கும் பேனாட்டின் வீட்டுக் கராஜில் பங்கு போடுவார்கள். ஊரில் ஆடு அடித்துப் பங்கு போடுவது போலவே ஈரல், நெஞ்சு, எலும்பு எல்லாம் குவியலுக்குக் குவியல் சமமாக இருக்கவேண்டும்.

கோபக்கார வீட்டுக்குப் பங்கு போகாது. போனால் கோபம் முடிந்தது என்று அர்த்தம், வேறு சமாதானப் பேச்சு தேவையில்லை.

"யூட்சனுக்கு உந்த இறைச்சியள் ஒண்டும் கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே? கால் வீங்கிப்போடுமே?" என்றாள் அருள்நாயகி. "போன கிழமை போன் எடுத்து, அண்ணையிட்ட மான் பங்கு ஒண்டு கேளுங்கோ எண்டு கெஞ்சினார்."

"நாக்குச் செத்துப்போச்சாக்கும்" என்றார் பேனாட்.

கூட்டாளிகளில் மூன்று பேர் தங்கள் பங்கோடு போய்விட்டார்கள். மிஞ்சி நின்ற றொய்சன், "அண்ணை, என்ர பங்கைக் கொஞ்சம் பாத்து வெட்டுங்கோ" என்று இழுத்தான்.

"தெரியுமடா. உன்ர மனிசி பிள்ளைத்தாச்சி. எனக்குச் சொல்லித் தரவேணுமே?"

குண்டு பட்ட தோள்பக்கத்தை ஒரு கையகலத்துக்கு வெட்டி, பேனாட் வாளிக்குள் எறிந்தார். குண்டு உள்ளே உடைந்து, ஈயம் கண்ணுக்குத் தெரியாத பொடியாகச் சதையெல்லாம் பரவிவிடும். அதை நாய்க்கும் போடாதீர்கள், வயிற்றுப் பிள்ளைக்கு நஞ்சு என்று தீவில் வழிகாட்டி வருடாவருடம் சொல்லுவான்.

அருள்நாயகி தேத்தண்ணி போட உள்ளே போனாள். றொய்சன் வெளியே நின்ற தன் வான் வண்டியைத் திருப்பப் போனான்.

பேனாட் தம்பியின் பங்கில் இருந்த நல்ல இறைச்சியைத் தூக்கித் தன் குவியலில் போட்டார். வாளிக்குள் கிடந்ததை எடுத்து இரத்தம் போகக் கழுவி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, தம்பியின் பையை நிரப்பினார். பார்ப்பவருக்குச் சந்தேகம் வராமல் மேலே ஈரல் துண்டு ஒன்றையும் வைத்தார். அண்ணன் என்றால் இப்படி அல்லவா இருக்கவேண்டும்!

அவருடைய ஒரே மகள் நடாஷா, தமிழ்நாட்டுப் பெடியன் ஹரிஷைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். பேனாட் மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். கலியாணத்தன்று கோயிலில் தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் நின்று, அவளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனவன் யூட்சன்.

அதன்பின் அவள் குரலைக் கேட்காமல் மூன்று நத்தார்ப் பண்டிகை போய்விட்டது. தானாக எடுத்துப் பேச அவருடைய வீம்பு விடவில்லை. 'அப்பா, வரேக்க பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ' என்று அவள் எப்போதோ விட்டிருந்த வொய்ஸ்மெயிலை மட்டும் அவர் இன்னும் அழிக்கவில்லை. தீவிலும் ஒருநாள் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு அதைத்தான் கேட்டார். மகளைத் திருடியவன் தம்பி, அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

உடனே ஒன்றும் சாகமாட்டான், மெல்ல மெல்ல உள்ளுக்குள் அரிக்கட்டும் என்று நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது.

"போற வழியில வோபர்னில தம்பி வீட்டில இதை இறக்கிப்போட்டுப் போ" என்று பையை றொய்சனிடம் நீட்டினார்.

"உங்களுக்குப் பெரிய மனசண்ணை" என்றான் றொய்சன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கும்போதே போன் அடித்தது. யூட்சன். மூன்று வருடத்துக்குப் பிறகு பேனாட் தம்பியின் அழைப்பை எடுத்தார், அதுவும் ஆசையோடு.

"அண்ணை..." என்று யூட்சன் தொடங்கினான். "நேற்றே பங்கு வந்து சேர்ந்தது."

"கறி எப்பிடி?"

"நான் எங்கயண்ணை சாப்பிடுறது? எனக்குத்தான் கூடாதே. நான் எனக்கெண்டு கேக்கேல்ல. ஆசைப்பட்டுக் கேட்ட ஆள் இஞ்சை பக்கத்தில நிக்கிறா. அப்பா பங்கு அனுப்பினா கோவம் போட்டுதெண்டு அர்த்தம், பிறகு நானே அப்பாவோட கதைக்கிறன் எண்டு சொன்னவ. இந்தாங்கோ, குடுக்கிறன்."

போன் அங்கே கை மாறியது.

"அப்பா..."

அதே குரல்.

"நீ... நீ அதைச் சாப்பிட்டனியோ?" மூன்று வருடம் கழித்து மகளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"நேற்றும் சாப்பிட்டு, இண்டைக்கும் சாப்பிட்டு, ஒரு துண்டும் மிச்சம் விடேல்ல அப்பா" என்று நடாஷா சிரித்தாள். "நானும், வயித்துக்குள்ள உங்கட பேரப்பிள்ளையும்."