மூன்று மணிக்கு யுகேந்திரன்

“ஆண்டவரைத் தனிய விட்டிட்டியேடா யுகேந்திரன்!”

இறங்குதுறைக்குப் பக்கத்தில் யுகேந்திரன் படகு எஞ்சின் திருத்துகிற கொட்டிலுக்குள் புஸ்பராணி புயலாக நுழைந்தாள். மூதூர்ப் படகுக்கு நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கோபம் நியாயமானதுதான். நேற்று முதல் வெள்ளி. மாதா மாதம் அன்றைக்குக் காலைப் பூசை முடிந்ததும் ஆண்டவராகவே வணங்கும் நற்கருணை அப்பத்தைக் கோயில் பீடத்தில் எழுந்தேற்றி வைப்பார்கள். பொழுதுபடும் வரை அதற்கு முன்னால் யாராவது ஒருவர் இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு மணித்தியாலம். அதைப் பிரித்துக் கொடுப்பவள் புஸ்பராணி. கடலால் வருகிறவர்களுக்கு மத்தியானம், கடைக்காரருக்குப் பின்னேரம், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மின்விசிறிக்குக் கீழே இடம். அவள் பொறுப்பெடுத்த நாளிலிருந்து பீடம் ஆளில்லாமல் இருந்ததே கிடையாது.

“மூண்டு மணி உன்ட நேரம். வந்து எட்டிப் பாக்கிறன், காக்காய் குருவி இல்ல! அடுப்பில கறி, பீடத்தில ஆண்டவர். நான் என்ன செய்யிறது?”

“பிழைதான் அக்கா.”

“முழு மணித்தியாலமும் உனக்காக நான் முழங்கால்ல நிண்டனான். கறி கரிக்கட்டையாப் போச்சு.”

“ஓம் அக்கா. பிழைதான்.”

ஏச வந்தவளுக்கு எதிர்த்துக் கதைக்க ஆள் வேண்டும். இவன் இப்படித் தலையாட்டிக்கொண்டு நின்றால் எவ்வளவு நேரம்தான் ஏசுவது?

“அவ்வளவு நேரமும் அவரோட என்ன அக்கா கதைச்சீங்கள்?” என்று கேட்டான் யுகேந்திரன்.

புஸ்பராணி நேற்றைய மூன்று மணியை நினைத்தாள்.

முதலில் இவனைப் பற்றித்தான் ஆண்டவரிடம் முறைப்பாடு வைத்தாள். அது முடிந்ததும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஞாயிறு தோறும் ஒலிவாங்கியில் பாப்பரசரில் தொடங்கி மீன்பாடு வரை மூச்சுவிடாமல் மன்றாடுகிறவளுக்குத் தனியே ஒரு சொல் வரவில்லை. பயந்துபோனாள். புருசன் செத்தபோது செத்தவீட்டு வேலை. பிறகு திருநாள் வேலை, கொடியேற்ற வேலை. கடைசியாக எப்போது அவரோடு கதைத்தாள் என்று யோசித்தாள், ஞாபகமே வரவில்லை.

“உம்மட வீட்டு வேலையெல்லாம் ஓடி ஓடிச் செய்தனே ஒழிய, உமக்குக் கிட்ட ஒருநாளும் இருக்கேல்லயே” என்றாள். அதோடு அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து, புருசன் போனதிலிருந்து அடக்கி வைத்த கதையெல்லாம் வந்தது. நாலு மணிக்காரி வந்து பக்கத்தில் முழங்கால் போட்டபோது, இவள் ஏன் இப்ப வந்தாள் என்றுகூட இருந்தது.

இதையெல்லாம் ஒரு எஞ்சின்காரனிடம் சொல்ல முடியுமா?

“அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை. நீ ஏன் வரேல்ல? அதைச் சொல்லு!”

தேத்தண்ணியோடு வந்த யுகேந்திரனின் மனைவி மெற்றில்டாவுக்குப் பொறுக்கவில்லை.

“வந்தவர் அக்கா! எஞ்சின் வேலையால கொஞ்சம் பிந்திப் போச்சு. வாசலுக்கு வந்து பாத்தா உள்ள நீங்கள். நாலு மணி வரைக்கும் வெளியில வெயிலுக்க நிண்டிட்டு வந்து, இப்ப பிழை பிழை எண்டு நிக்கிறார்!”

புஸ்பராணி திகைத்துப் போனாள். “வந்தனீ உள்ள வாறதுக்கு என்னடா?”

யுகேந்திரன் எஞ்சினைப் பார்த்தபடியே சொன்னான்.

“நான் உள்ள வந்தா நீங்கள் எழும்பிப் போயிடுவீங்கள் அக்கா. எங்கள் எல்லாருக்கும் நேரம் பிரிச்சுத் தந்தீங்கள். உங்களுக்கெண்டு ஒரு மணித்தியாலம் வைக்கவே இல்லையே.”

புஸ்பராணி சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். குரலைப் பழையபடி உயர்த்தினாள்.

“அடுத்த முதல் வெள்ளியும் உனக்கு மூண்டு மணிதான். விளங்கினதோ?”

“ஓம் அக்கா” என்றான் யுகேந்திரன். “பிந்தித்தான் வருவன்.”