திரும்பி நிற்கும் அந்தோணியார்

அந்த மலைக்கிராமத்தின் இருநூறு வருடப் பங்குக்கோயிலில் அந்தோணியார் சொரூபம் சுவரைப் பார்த்து நின்றது. தொட்டுத் தொட்டுக் கும்பிட்டதில் முதுகில் சாயம் போயிருந்தது. யாரோ தவறாக வைத்துவிட்டார்கள் என்று திருப்பப் போனேன்.

"தொடாதீங்க சார்," என்றாள் கூட்டிக்கொண்டிருந்த ரோசலின். "காணாமப் போனதையெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரு. எம் மவன் சிரில் காட்டுக்குப் போயி பதினோரு வருசமாச்சு. அவன் வர்ற வரைக்கும் இப்படியே நிக்கட்டும்னு நான்தான் திருப்பி வெச்சேன்."

விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தைரியமில்ல. நீங்க எட்டிப் பாருங்க. இன்னும் சிரிச்ச முகமாத்தான் இருக்காரா?"

இடுக்கில் தலையை நுழைத்தேன். சுவர் முழுக்கக் காய்ந்து கிடந்தது. அவர் முகத்துக்கு நேரே மட்டும் ஈரம் படர்ந்திருந்தது.

"சிரிக்கலம்மா," என்றேன்.

"அப்ப இன்னும் தேடுறாரு," என்று மறுபடி கூட்ட ஆரம்பித்தாள்.